கடல்நீர்த் தொட்டியின் விலைச்சீட்டில் இல்லாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம், விளக்கும் வடிகட்டியும் சேர்ந்த சின்னஞ்சிறு கடல்நீர்த் தொட்டிகள் மீன் கடைகளில் மலிவு விலையில் அடுக்கப்படுகின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா, பவளம் வளர்ப்பது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்பதுண்டு. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டில் பல ஆண்டுகளாகப் பவளத் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில், கட்டுப்படியாகும் என்றே சொல்வேன். ஆனால், மலிவான தொட்டியைத் தேடிப் பிடிப்பதால் அது கட்டுப்படியாவதில்லை. மாதாமாதம் ஆகும் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்குள் வாழக்கூடிய உயிர்களை மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகும். அந்தக் கணக்கைக் கடைகள் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை என்பதே என் குறை.

நம் ஊரில் முதல் செலவு வெப்பத்தால் வருவது. குளிர்நாட்டுக்காரர்களின் காணொளிகளைப் பார்ப்பவர்கள் ஹீட்டர் அவசியம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது இங்கே தண்டச் செலவு. பவளத் தொட்டியின் நீரை 25 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருப்பது நல்லது. ஆனால், எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, சன்னல்கள் சாத்திக் கிடக்கும் மேற்கு வெயில் வீட்டில் பிற்பகலில் அது எளிதாக 30 டிகிரியைத் தாண்டிவிடும். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்குப் பெரும்பகுதி உணவைத் தயாரித்துக் கொடுக்கின்றன. சூடு நீடித்தால் பவளம் அந்தப் பாசிகளை இழந்து வெளுத்துப்போகிறது. நம் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளே 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இப்படி வெளுத்தன. அவ்வளவு பெரிய கடலாலேயே தாங்க முடியாத சூட்டை வரவேற்பறையில் இருக்கும் 20 லிட்டர் நீர் எப்படித் தாங்கும்?

குளிரூட்டும் சில்லர் இயந்திரம் புதிதாக வாங்கினால் சில நூறு வெள்ளி ஆகும். மின்சாரம் ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால், 200 வாட் சில்லர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடுவதற்கு மாதம் 18 வெள்ளி செலவாகும். நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசும்படி பொருத்தும் 20 வாட் விசிறி இரவு பகலாக ஓடினாலும் ஐந்து வெள்ளியைத் தாண்டாது. வெப்பத்தை இரண்டு, மூன்று டிகிரி குறைத்தும் கொடுக்கும். சூட்டை ஓரளவு தாங்கும், கல்போன்ற கூடு இல்லாத மென்பவளங்களை மட்டும் வளர்ப்பவருக்கு, காற்றோட்டமுள்ள வீட்டில், விசிறியே போதும் என்பது என் அனுபவம். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் கூடும்போது அதன் பலன் குறையும் என்றாலும், அப்போது வெயிலும் குறைந்திருக்கும்.

விசிறி குளிர வைப்பது நீரை ஆவியாக்கித்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டடித் தொட்டியில் நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் வரை நீர் குறையலாம். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் செறிவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். இதைக் கண்காணிக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவி தேவை. அதன் கண்ணாடிப் பரப்பில் ஒரு சொட்டு நீரை விட்டு, மூடியைச் சாய்த்து, தாழ்வார வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் மேற்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி வெள்ளையாகவும் தெரியும். இரண்டும் சேரும் கோடு ஆயிரத்துக்கு 35 (ஆயிரம் பங்கு கடல்நீரில் 35 பங்கு உப்பு) என்ற குறியில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு முன்வரும் ஒரே வீட்டு வேலை இதுதான். தொட்டி சிறியதாக இருக்க இருக்க இந்தக் கோடு வேகமாக நகரும். எனவேதான் மிகச் சிறிய தொட்டி மலிவானது என்ற எண்ணம் தவறு என்கிறேன். இரண்டடி நீளமும் 60 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டி புதியவர்களின் பொறுமைக்கும் பணப்பைக்கும் ஏற்றது.

அடுத்தது நீர். நன்னீர் மீன் வளர்த்த நம் பெரியவர்கள் குழாய் நீரை வாளியில் பிடித்து ஓரிரவு வைத்திருந்து ஊற்றுவார்கள். குளோரின் அப்படிப் போய்விடும். ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்தும் குளோராமைன் அவ்வளவு எளிதில் போகாது. அதை முறிக்கும் மருந்தையோ எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வடிகட்டியையோ நாட வேண்டும். உப்புத்தூள் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற கணக்கில், 60 லிட்டருக்கு முதலில் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தேவைப்படும். அதன்பின் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால் மாதம் ஒரு கிலோகூட ஆகாது. இப்படி ஒழுங்காக மாற்றினால், இந்த அளவுத் தொட்டிக்கு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரோ, கால்சியம் செலுத்தும் கருவிகளோ தேவையில்லை. தொட்டி, மேசை, விளக்கு மூன்றையும் கரோசல் இணையச் சந்தையில் பழையதாக வாங்கலாம். ஆனால் அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பவளமும் இறாலும் செம்பைத் தாங்கா.

மிச்சம் பிடிக்கவே முடியாதது காலம். தொட்டிக்குள் வைக்கும் பாறையில் நுண்ணுயிர்கள் பெருகி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நிலை வருவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் மீன் விடக் கூடாது. தொட்டியும் மீனும் ஒரே நாளில் ஒரே பையில் வீட்டுக்குப் போவதை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். அம்மோனியா அளவைக் காட்டும் சோதனைத் திரவம் பற்றி ஒரு சொல்லும் சொல்லப்படுவதில்லை.

உயிர்களைத் தேர்வதிலும் இதே நிலைதான். கோமாளி மீன் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது, சிறிய தொட்டியில் வாழும், கடற்சாமந்தி இல்லாமலும் நலமாக இருக்கும். அதன் பக்கத்திலேயே விற்கப்படும் நீல டாங் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. மாண்டரின் மீனோ நுண்ணிய ஓட்டுயிர்களைத் தேடித் தின்பது. புதுத் தொட்டியில் விட்டால் அழகாகவே பட்டினி கிடந்து சாகும். பவளங்களில் காளான் பவளமும் தோல் பவளமும் தொடக்கநிலையாளருக்கு ஏற்றவை. பொத்தான் பவளம் எனப்படும் சோவாந்தஸ் வகையும் எளிதில் வளரும் என்றாலும், அவற்றுள் சில பேலிடாக்சின் என்ற கடும் நஞ்சைக் கொண்டவை. கையுறை இல்லாமல் தொடுவது கூடாது. அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்வது, ஆவியைச் சுவாசிக்கும் வீட்டார் அனைவரையும் மருத்துவமனையில் சேர்த்துவிடக்கூடும். மலிவு விலைப் பெட்டிகளோடு இந்த எச்சரிக்கை தரப்பட்டதை நான் பார்த்ததில்லை.

பாறை வாங்கும் காசை மிச்சம் பிடிக்கக் கடற்கரைக்குப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சாங்கியில் நீர் வற்றும் நேரத்தில் வாளியும் கையுமாகச் செல்லும் குடும்பங்களைக் கண்டு வருந்தியவர்களுள் நானும் ஒருவன். 250க்கும் மேற்பட்ட கல்பவள இனங்கள் பதிவாகியுள்ள கடல் இது. 2014ல் சிஸ்டர்ஸ் தீவுகளில் நாட்டின் முதல் கடல் பூங்காவை அமைத்ததும் அவற்றைக் காக்கவே. உலர்ந்த பாறையைக் கடையில் வாங்கி, நண்பர் தொட்டியிலிருந்து நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியேறிய ஒரு துண்டு உயிர்ப்பாறையைச் சேர்த்தால் போதும், மற்றதை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே மீன் கடை உரிமையாளர்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியமன்று. ஒவ்வொரு மீன் தொட்டியின்மேலும் விலையோடு, அந்த மீன் முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் இருக்கும், பண்ணையில் பிறந்ததா கடலில் பிடித்ததா என்ற இரண்டு விவரங்களை எழுதி வையுங்கள். தொட்டிப் பெட்டியின்மேல் மாத மின்செலவையும் உப்புச் செலவையும் தோராயமாகவேனும் ஒட்டுங்கள். ஒரு விற்பனை குறைந்தாலும், இறந்த மீனுக்காகச் சண்டை போட வரும் வாடிக்கையாளரும் குறைவார். சமூக மன்றங்களும் உதவலாம். மென்பவளங்கள் சில மாதங்களில் பாறையை மூடிப் படர்வதால், எங்களைப் போன்றவர்கள் அவற்றை வெட்டி எறிய வேண்டியுள்ளது. அந்தத் துண்டுகளைப் புதியவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க மாதம் ஒரு பிற்பகல் ஓர் அறை கிடைத்தால், பவளத்துக்கென்று அவர்கள் செலவழிக்க வேண்டியதே இராது. எங்கள் வட்டாரத்தில் யாரேனும் ஏற்பாடு செய்தால் முதல் வாளியை நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ஈசூன்