மரத்தின் மேல் வெறுப்பில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

குமரி மலையோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ரப்பரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்று ஒரு பேச்சு உண்டு. குலசேகரம், களியல் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். காட்டு மரத்தின் மேல் வெறுப்பில்லை, அதை நடப் பயம்தான் இருக்கிறது.

ரப்பர் நட்டால் ஏழாம் ஆண்டில் பால் வெட்டலாம். முதல் மூன்று ஆண்டுகள் ஊடுபயிராக அன்னாசி கைகொடுக்கும். அயனி, வேங்கை, நாங்கு போன்ற காட்டு மரங்களை நட்டால் பலன் பேரன் காலத்துக்கு. சரி, அவனுக்காவது ஆகட்டும் என்றால், 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் நினைவுக்கு வருகிறது. நிலம் தனியார் காடு என்று பட்டியலில் ஏறிவிட்டால், அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதியின்றி மரம் வெட்டவோ நிலத்தை விற்கவோ முடியாது. ஈட்டி மரத்துக்குத் தனிச் சட்டம் வேறு இருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர், ஓடைக்கரையில் தானாக முளைத்த ஈட்டிக் கன்றை, “வளந்தா வம்பு” என்று களையோடு சேர்த்து வெட்டி எறிந்தார். காட்டைக் காக்க வந்த சட்டம் கன்றைக் கொல்கிறது!

முழுத் தோட்டத்தையும் காடாக்கு என்றால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் பழைய ரப்பரை முறித்து மறுநடவு செய்யும்போது ஓடைக்கரையையும் செங்குத்துச் சரிவையும் காட்டு மரங்களுக்கு விட்டுத்தரப் பலர் தயார். அங்கே மழைக்காலத்தில் கால் ஊன்றிப் பால் வெட்டுவதே பெரும்பாடு. நட்டு வளர்த்த மரத்தால் பட்டா நிலம் தனியார் காடாகாது என்று அரசு எழுத்தில் தர வேண்டும். அப்புறம், நாற்றங்காலில் தேக்கும் மகாகனியும் மட்டுமல்ல, நாங்குக் கன்றும் கிடைக்க வேண்டும்.

— ரப்பர் விவசாயி, குலசேகரம்