மெஷினைக் கழற்றும் முன் தண்ணீரைப் பார்ப்போம்

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று நீங்கள் போன் செய்தால், எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதற்கு முன்னால் "வீட்டுக்கு வருவது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா, டேங்கரா?" என்றுதான் கேட்கிறோம். ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று பலர் கேட்டதால் இந்த மடல்.

நம் பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் காவிரிக் குழாய் வெகுகாலமாக இருக்கிறது. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் அப்படி இல்லை, 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறந்த பிறகும் போரையும் டேங்கரையும் நம்பியிருக்கும் வீடுகள் நிறைய. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் அந்த 200ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஹீட்டர் மேல் வெள்ளையாகப் படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் தடுத்து, கடைசியில் ஹீட்டரையே எரித்துவிடுகிறது. ஹீட்டரை மட்டும் மாற்றிவிட்டுத் தண்ணீரைக் கவனிக்காவிட்டால் புது ஹீட்டருக்கும் அதே கதிதான்.

ஹீட்டர் உள்ள மெஷின் என்றால், துணி எதுவும் போடாமல் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 100 கிராம் அளவு டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஒரு முறை ஓட விடுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் நல்லது. அதோடு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ சேர்க்கவே கூடாது, எலுமிச்சை உப்பும் பிளீச்சும் கலந்தால் விஷ வாயு வரும்.

தண்ணீர் உள்ளே வரவில்லையா? குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, மெஷின் பின்னால் வால்வில் மாட்டியிருக்கும் ஹோஸைக் கழற்றினால் சின்ன வலை ஒன்று தெரியும். டேங்கர் மணல் அங்கேதான் அடைக்கும். பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள், இதற்கு எங்களைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம். தண்ணீர் வெளியே போகவில்லை என்றால், அதாவது எல்ஜியில் 'ஓஇ' (OE) என்று காட்டினால், ஃப்ரண்ட் லோடில் கீழ் மூலையிலுள்ள சின்ன மூடியைத் திறந்து, அகலமான தட்டு ஒன்றை வைத்து ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள் (சூடான தண்ணீர் நின்றிருந்தால் ஆறிய பிறகு). நாணயம், ஹேர்பின், குழந்தையின் சாக்ஸ், ஏதாவது ஒன்று கையில் வரும். டாப் லோடில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தும் மட்டம் ஏறவில்லையா, கழிவு ஹோஸ் தரையில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் தூக்கி மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

நீங்கள் கை வைக்கக் கூடாதவையும் உண்டு. செமி ஆட்டோமேட்டிக்கில் மோட்டார் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர்தான், அதில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் தங்கியிருக்கும். பின் மூடியைத் திறக்காதீர்கள். மெஷின் உடம்பைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கிறதா, அன்றே நிறுத்திவிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டுவதும் வேண்டாம்.

அப்புறம் பேரிங், அதாவது டிரம் சிக்கலில்லாமல் சுற்ற உதவும் பாகம். ஸ்பின்னில் விமானம் கிளம்புவதுபோல் சத்தம் வந்தால், பிளக்கைப் பிடுங்கி, காலி டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. பெரும்பாலும் முதலில் போவது பேரிங்குக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் சீல், அதன் வழியாகத் தண்ணீர் கசிந்துதான் பேரிங் துருப்பிடிக்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறோம். டப்பை (டிரம்மைச் சுற்றியுள்ள தொட்டியை) முழுவதும் வெளியே எடுக்க வேண்டிய வேலை என்பதால்தான் மெஷினைக் கடைக்குக் கொண்டு போகிறோம். சில மாடல்களில் டப்பின் இரண்டு பாதியும் ஒட்டியே வரும், அப்போது முழு டப்பையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு பழைய மெஷினுக்குத் தகாது என்று எங்களுக்குத் தோன்றினால் கழற்றும் முன்பே சொல்லிவிடுவோம். மாற்றிய பழைய பாகத்தை உங்கள் கையிலேயே கொடுப்போம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போன் செய்யும் முன் கதவோரத்திலோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் மாடல் ஸ்டிக்கரையும், திரையில் காட்டும் எழுத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சரியான பாகத்தோடு ஒரே தடவையில் வந்து முடித்துவிடலாம்.