இன்னொரு பேட்டரி வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

உன் பழைய பைக்கில் புது பேட்டரி போட்டுப் பத்தே நாளில் செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரன் முனகுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருந்தாய். அவரைத் திட்டுவதை இரண்டு நாள் தள்ளிப்போடு. பழைய வண்டியில் நோய் ஓரிடத்தில் இருக்கும், படுப்பது பேட்டரியாக இருக்கும். வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கிற ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்.

முதலில் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்று. அதன் திறனில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும்; 9 ஆம்பியர்-ஹவர் என்றால் 0.9 ஆம்பியர். தண்ணீர் ஊற்றுகிற வகையாக இருந்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கும்படி டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்று. ஆசிட் ஊற்றாதே, வற்றுவது தண்ணீர்தான். ஏற்றி முடித்ததும் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அளந்து பார். 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டினால் நல்ல சார்ஜ். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. ராத்திரி முழுக்க ஏற்றியும் 10.5ஐ ஒட்டியே நின்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, அப்போது கடைக்காரரிடம் போகலாம். அளவு சரியாக இருந்தால், மீட்டர் முனைகளை எடுக்காமலே செல்ஃபை அழுத்து. 9.6க்குக் கீழே சரிந்தால் பார்க்க நல்லதாக இருந்தாலும் உள்ளே வலு இல்லை.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, சுமார் 4000 ஆர்பிஎம்மில் பேட்டரியிலேயே அள. 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ரேஸ் கொடுத்தும் 12.6ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டிப் போனால், ஏசி கரண்டை டிசி ஆக்கி வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒரு எச்சரிக்கை: வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்துச் சோதிக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். செய்யாதே. வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டர், பிளக்கில் பொறி வரவைக்கும் சிடிஐ எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

சார்ஜ் ஏறவில்லை என்றதும் எல்லோரும் ரெகுலேட்டரை மாற்றுவார்கள். நீ அதற்கு முன்னால், வயர்களை ஒன்றோடொன்று சேர்க்கும் கப்ளர்களைப் பார். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் காயில்தான் ஸ்டேட்டர்; அதிலிருந்து வருகிற வயர்கள், பெரும்பாலும் மூன்று மஞ்சள், ரெகுலேட்டருக்குப் போகும் வழியில் ஒரு கப்ளரில் சேரும். அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி, லேசாக உருகி வளைந்திருக்கும். அதே மூலையின் உள்ளே இருக்கும் டெர்மினல் பளபளப்பு போய்க் கறுத்திருக்கும், அதன் பெண் முனையின் இரண்டு உதடுகளும் தளர்ந்து விரிந்திருக்கும். பிடி தளர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், அது சூட்டைக் கிளப்பும், சூட்டில் உதடு இன்னும் விரியும். அப்படியே வட்டமாகச் சுற்றிக்கொண்டு ஒரு நாள் முழுசாக எரிந்துவிடும்.

இதை வெறும் வோல்டேஜ் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வயரில் இருபது இழை இருந்து பத்தொன்பது அறுந்திருந்தாலும் மீட்டர் 12.6 காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு அற்பம். 55 வாட் ஹெட்லைட் பல்ப் நாலரை ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் சாயம் வெளுக்கும். அதனால் கரண்ட் ஓடும்போது வயரின் இரண்டு முனைக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அள. இன்ஜின் ஓட, லைட் எரிய, மீட்டரின் சிவப்பு முனை ரெகுலேட்டரின் பிளஸ் வயரில், கறுப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் வந்தால் பரவாயில்லை. ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் ரெகுலேட்டர் அனுப்புவது வழியிலேயே சூடாகக் கரைகிறது. அந்த வழியில் ஃபியூஸ் ஹோல்டரும் இருந்தால் அதன் இரண்டு பக்கத்தையும் அள. ஃபியூஸ் நன்றாக இருந்தாலும் அதைப் பிடிக்கிற கிளிப் கறுத்திருக்கும்.

எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பக்கமும் இப்படித்தான். ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில். செல்ஃபை அழுத்தும்போது 0.3க்கு மேல் போனால் எர்த் வயரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியும்வரை தேய். சேஸிஸுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் இந்தத் தொல்லை சகஜம், வாஷருக்கு அடியில் பெயிண்ட் போய் உட்கார்ந்திருக்கும். பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டர் மங்கலாக மினுக்குகிறதா? அது பின்பக்க எர்த்தின் வேலை. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்ப் வழியாகப் போகிறது.

கப்ளரைச் சரிசெய்ய: பேட்டரியின் மைனஸை முதலில் கழற்று, மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டு. பிளஸ்ஸை முதலில் தொட்டால் ஸ்பானர் சேஸிஸில் பட்டுப் பொறி பறக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்துக் களிம்பைச் சுரண்டு, விரிந்த உதட்டை மூக்குக் குறடால் மெல்ல நெருக்கு. வயரின் தோலை உரித்துப் பார்த்துச் செம்பு கறுத்திருந்தால் பளிச்சென்று வரும் வரை வெட்டிப் புது டெர்மினல் போட்டு, குறடால் நெருக்கி கிரிம்ப் செய். சால்டர் வைக்கலாமா என்று கேட்பாய். நான் வேண்டாம் என்பேன். ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போய், வண்டி அதிர அதிர அதன் ஓரத்தில் இழைகள் அறுந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகும் சார்ஜ் ஏறாவிட்டால் ஸ்டேட்டருக்கு வா. கப்ளரைப் பிரித்து, ஓம் அளவில், மூன்று மஞ்சளையும் இரண்டிரண்டாக அள. மூன்று ஜோடியும் ஒரே அளவு, பெரும்பாலும் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். எந்த மஞ்சளுக்கும் இன்ஜின் பாடிக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் காயில் எரிந்து எர்த் ஆகிவிட்டது. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, வண்டியை ஓடவிட்டு அதே மூன்று ஜோடியையும் அள. ரேஸ் கூடக் கூட மூன்றும் சேர்ந்தாற்போல் ஏற வேண்டும், ஒன்று மட்டும் பின்தங்கக் கூடாது. முனைகளைக் கையால் தொடாதே, ரேஸில் ஐம்பது வோல்ட்டைத் தாண்டும். இங்கே எல்லாம் சரி, வயரிங்கும் சரி என்றால் மட்டும் ரெகுலேட்டர் வாங்கு.

உன் வண்டி ஓடாமல் நிற்கிற நாட்கள் அதிகமா? அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை, அதன் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகிச் சேர். அளவு சின்னதாக இருந்தால் மில்லிஆம்பியருக்கு மாற்று. இந்த நிலையில் சாவியைத் திருப்பாதே, செல்ஃபைத் தொடாதே, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் ஒன்றிரண்டு மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது. 50 என்று காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் போகிறது, உன் 9 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். ரெகுலேட்டர் கப்ளரைப் பிரித்ததும் அளவு பூஜ்யத்துக்கு இறங்கினால் அதன் உள்ளே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய டயோடு கசிகிறது. இறங்காவிட்டால் யாரோ பிறகு சேர்த்த ஹாரன், யூஎஸ்பி சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரி.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடாதே, வயர் எரியும். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணைத்துவிடு. ஷார்ட் இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும். நீ ஹேண்டிலைத் திருப்பி, வயர் கட்டை ஆட்டி, கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வா. எப்போது மங்குகிறதோ அங்கேதான் ஆள். ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஹேண்டில் திரும்பும் கழுத்தில் முதலில் தேடு. அங்கே வயர் தினமும் மடங்கி மடங்கித் தோல் உரிந்திருக்கும்.

இண்டிகேட்டர் வேகமாகத் துடித்தால் ஒரு பல்ப் போயிருக்கும் அல்லது வாட் குறைந்த பல்ப். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீ எனக்கு நான்கு எண் அனுப்பு: நின்ற நிலையில் பேட்டரி வோல்ட், செல்ஃப் அழுத்தும்போது, 4000 ஆர்பிஎம்மில், சாவி எடுத்தபின் மில்லிஆம்பியர். மஞ்சள் வயர் கப்ளரைப் பிரித்ததும் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அதோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா