நூற்பாலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களின் நூற்பாலை உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

மனிதக் கடத்தல் என்றதும் ஆளைக் கட்டித் தூக்கிச் செல்லும் கும்பலே பலருக்கும் நினைவில் எழுகிறது. சட்டத்தின் பார்வை அதைவிட விரிந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு, சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை மிரட்டியோ ஏமாற்றியோ ஆசை காட்டியோ வேலைக்குச் சேர்ப்பதையும், ஏற்றி வருவதையும், தங்க வைப்பதையும் கடத்தல் என்றே சொல்கிறது. வேலைக்கு வந்த பெண் சம்மதித்துத்தான் வந்தாள் என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆகவே, "ஆள் கொண்டு வருவது ஏஜென்ட் பொறுப்பு" என்று நீங்கள் ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாண்டு வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று தென் மாவட்டப் பெண்களை அழைத்து வந்த சுமங்கலித் திட்டம் நமக்கு மறந்திருக்காது. உடம்புக்கு முடியாமல் இடையில் ஊர் திரும்பியவர்கள் பலர் அந்தத் தொகையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பெண்களுக்கு மொழியும் துணையில்லை என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல்.

அறிகுறிகள் மறைவானவை அல்ல. ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் மில் வேன் நிற்கும்போது கவனியுங்கள்: மில் விடுதி வார்டன் தலையை எண்ணி இறக்குகிறார், எண்ணி ஏற்றுகிறார், ஷாம்பு வாங்க வந்த பெண் கடைக்காரரிடம் தணிந்த குரலில், வீட்டுக்கு ஒரு போன் பேசிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். வயதைக் கேட்டால் எல்லோரும் மனப்பாடம் செய்ததுபோல் பதினெட்டு என்கிறார்கள். ஆதார் அட்டையும் ஏடிஎம் கார்டும் வேறொருவர் கையில் இருக்கின்றன. பிடித்தம் போக எவ்வளவு சம்பளம் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் விசாரியுங்கள். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் தயங்காமல் புகார் செய்யுங்கள். பாதுகாப்புக்காகத்தான் வெளியே விடுவதில்லை என்று பெரும்பாலான மேலாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் வயதுவந்த ஒருவர் தான் நினைத்தபோது வெளியேற முடியாத இடத்தை விடுதி என்று சொல்வது தகாது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் அட்வான்ஸ் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கும் வழக்கமும் இதே வகைதான். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அத்தகைய கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை. அடையாள அட்டைகளை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். விடுதியில் போனைத் தடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181, அவசர உதவிக்கான 112 ஆகிய எண்களைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, வார்டன் அறை வாசலில் அல்லாமல் குளியலறைப் பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். ஏஜென்ட் ஊரில் என்ன சொல்லி அழைத்து வந்தார் என்பதை, அவர் இல்லாத நேரத்தில், அந்தப் பெண்ணின் மொழி தெரிந்த ஒரு பெண்ணை வைத்து நேரில் கேளுங்கள். உங்கள் நூற்பாலைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அவிநாசி வட்டாரப் பள்ளி ஆசிரியை ஒருவர்