அப்பாவின் காகிதங்களைக் காப்பாற்றியவர்களுக்கு

காகிதங்கள் காய்ந்துவிட்டன. இங்க் பேனாவில் எழுதியவை நீலக் கறையாகிப் போயின. பால்பாயிண்ட்டில் எழுதியவை பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. தண்ணீர் வந்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அதில்தான் நின்றீர்கள்.

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைப் பற்றி, ஒரு புத்தகத்துக்காக அப்பா வருடக்கணக்கில் சேர்த்த குறிப்புகள் அவை. பெட்டிகளை மாடிக்கு ஏற்றிய எதிர்வீட்டுப் பையன்கள், ஃபேன் கொடுத்தவர்கள், காசே வாங்காமல் ஸ்கேன் எடுத்துத் தந்த ஜெராக்ஸ் கடைக்காரர், தாள்களுக்கு நடுவே செய்தித்தாள் வைக்காதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும் என்று நல்ல நேரத்தில் தடுத்த நூலகர், எல்லோருக்கும் நன்றி. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தெருமுனை இஸ்திரி அண்ணனுக்காக.

அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த வாரம் துணி போட யார் இருந்தார்கள்? வண்டியை எங்கள் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஈரத் தாளின் மேல் பழைய வேட்டியை விரித்து, பெட்டியின் சூட்டைப் புறங்கையால் பார்த்துவிட்டு ஒற்றி ஒற்றி எடுத்தார். "தேய்ச்சா கிழிஞ்சிடும்க்கா, ஒத்தணும்." காய்ந்த தாளைப் படித்துப் பார்த்துத்தான் அடுக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிப் பணத்தை எதிர்பாராமல் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டரும் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களும் சந்தா போட்டுக் கட்டியது, 1678 மார்ச் 25 மாதா திருநாளில் வேலை தொடங்கி 1680 அக்டோபரில் பிரதிஷ்டை ஆனது, எல்லாம் அவருக்கு இப்போது தெரியும். பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்காகச் செங்கல் வளைவாகவே எழுப்பிய கூரை என்ற இடத்தில் நிமிர்ந்து, "குண்டுக்கு சரி, தண்ணிக்கு?" என்றார். வெகு நாள் கழித்து எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. 1753இல் அந்தத் தேவாலயத்தில் நடந்த ராபர்ட் கிளைவின் கல்யாணத்துக்கு அப்பா பக்கம் பக்கமாக ஒதுக்கியிருந்தார். அண்ணன் அதைச் சட்டை செய்யவே இல்லை.

அவர் கை நின்றது கல்லறைக் கற்களில். பழைய கல்லறைத் தோட்டம் கோட்டைக்கு வெளியே, இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான சமாதிகள் அவர்களுக்கு நல்ல மறைப்பாகிவிட்டன. முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டு, எழுத்து வெட்டிய கற்களை மட்டும் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள்.

"அப்ப ஆளு அங்கயே, பேரு மட்டும் இங்கயா?"

அப்பா அந்தக் கற்களின் வாசகங்களை ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார். இந்தக் கேள்வியை எங்கும் எழுதவில்லை. புத்தகத்தை நான் முடிக்கத்தான் போகிறேன், அதில் இதற்கென்று ஒரு அத்தியாயம் இருக்கும்.

அழிந்த பக்கங்களில் பாதி அந்த வாசகங்கள்தான். தரைக் கற்களைப் படம் எடுத்தவர்கள் அனுப்பினால் உதவியாக இருக்கும். அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒரு தடவை அங்கே கூட்டிப்போனால் போதுமாம். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள் என்றேன், ஆதாரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.