ஞாயிறு பயிற்சிக்கு முன் ஒரு விஷயம்

வணக்கம் அண்ணாமாரே, தம்பிமாரே.

எனது 1982 ராலே பர்னர் என்ற பிஎம்எக்ஸ் (மேடு தாவி ஓட்டும் சிறிய பந்தய) சைக்கிளின் ஹேண்டில்பார் பளபளவென்று வந்துவிட்டது. கிரோம் துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். பிறகு ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். கம்பித் தூரிகை மட்டும் வேண்டாம், கோடு விழும்.

ஆனால் பெயின்ட்டைச் சுரண்டியபோது, ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாயும், அதிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கில் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. அதனால் அது இனி சுவரில்தான் தொங்கும். உங்கள் பழைய சைக்கிள்களிலும் அந்த இடத்தை இன்றே பாருங்கள். வெடிப்பு இருந்தால் தயவுசெய்து மேட்டில் தாவாதீர்கள்.

சரி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு டிராக்கில் சந்திப்போம். நான் 24 அங்குலக் குரூசரில், அதாவது சற்றுப் பெரிய சக்கர பிஎம்எக்ஸில், வருகிறேன். நம் வயதுக்கு அதுதான் நிதானம். முழுமுக ஹெல்மெட், விரல் மூடும் கையுறை, நீளக்கைச் சட்டை கட்டாயம். வருபவர்கள் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.