கீஸார் மைதானத்துப் பெயர்ப்பலகை: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். சாயங்காலம் நீ ஓடப் போகிற சான் ஃபிரான்சிஸ்கோ கீஸார் மைதானம், பின்னால் பனிமூட்டம், பலகையில் பாப் செயின்ட் கிளேர் என்று ஒரு பெயர். "யாரு மாமா இந்த ஆளு?" என்று கேட்டிருந்தாய். வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஃபுட்பால் ஆட்டக்காரரைச் சொன்னால் அவர் ஆடிய 1951ஆம் வருஷத்துக் கல்லூரி அணியைச் சொல்லாமல் விட முடியாது. அதை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதனால் இங்கேயே எழுதுகிறேன், நாலு பேர் படிக்கட்டும். உன் பெயரைப் போடவில்லை, அக்கா திட்டுவாள்.

செயின்ட் கிளேர் ஆறடி ஒன்பது அங்குல உயரம். இறைச்சியைப் பச்சையாகவே தின்பார். படித்த பள்ளிக்கூடம் மைதானத்துக்கு எதிரே. பள்ளி அணி, கல்லூரி அணி, பிறகு ஊரின் தொழில்முறை அணியான ஃபார்ட்டி நைனர்ஸ், மூன்றுக்கும் கீஸார்தான் சொந்த மண். பின்னாளில் பக்கத்து டேலி சிட்டிக்கு மேயராகவும் இருந்தார். நீ ஓடுவது அந்தப் பழைய மைதானத்தில் இல்லை. அதை 1989இல் இடித்துவிட்டுச் சின்னதாகக் கட்டினார்கள். சரி, கல்லூரிக்கு வருகிறேன்.

அந்த மேட்டிலே தேவாலயக் கோபுரம் தெரிகிறதே, அதுதான் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். இயேசு சபைக்காரர்கள் நடத்துவது. சின்ன இடம், கையில் காசு கம்மி. டான்ஸ் (Dons, நடனம் இல்லை) என்பது அவர்கள் அணியின் பெயர். ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதன் விதிகள் எனக்கே இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் ஆலி மேட்சன் என்ன செய்தார் என்று புரிந்துகொள்ள விதி எதுவும் தெரிய வேண்டியதில்லை. பந்தை வாங்கினார், ஓடினார், பிடிக்க வந்தவர்கள் பின்தங்கினார்கள். அந்த ஒரே பருவத்தில் 1,566 கஜம் ஓடினார், 21 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது, நம் கோல் மாதிரி). அமெரிக்கக் கல்லூரிகளிலேயே அந்த வருஷம் அதிக தூரம் ஓடியவர் அவர்தான். நியூயார்க்கில் ஃபோர்டம் கல்லூரியோடு ஆடியபோது, எதிரணி உதைத்துவிட்ட பந்தைப் பிடித்து முழு மைதானத்தையும் கடந்து இரண்டு தடவை டச்டவுன் போட்டார். அந்த ஆட்டம் 32-26. அந்த இரண்டு ஓட்டம் இல்லாவிட்டால் தோற்றிருப்பார்கள்.

தடுப்பில் ஜினோ மார்க்கெட்டி. போர்முனையில் இயந்திரத் துப்பாக்கி பிடித்துவிட்டு வந்த ஆள், கல்லூரிப் பையன்களைப் பார்த்தா பயப்படப் போகிறார்? அவரோடு பர்ல் டோலர். பயிற்சியாளர் ஜோ குஹாரிச். இந்த அணியைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த இளைஞர் பீட் ரோசெல். அவரை ஞாபகம் வைத்துக்கொள், கடைசியில் வருவார்.

ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. கல்லூரிப் பருவம் முடிந்ததும் புத்தாண்டையொட்டி 'பௌல்' ஆட்டங்கள் நடக்கும். அழைத்தால்தான் போக முடியும். போனால் பெயரும் கிடைக்கும், கைநிறையப் பணமும் கிடைக்கும். பெரிய பௌல்களில் ஆரஞ்சு, சுகர், கேட்டர் மூன்றும் தெற்கில். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த மாநிலங்கள். மேட்சனும் டோலரும் கறுப்பர்கள். அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு வந்தால் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அணி முடியாது என்றுவிட்டது. ஓட்டெடுப்பு, நீண்ட விவாதம் எதுவும் இல்லை. அந்த ஜனவரி ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா டெக்கும் பேய்லரும் ஆடின.

டான்ஸ் மோதிய அணிகள் சொத்தை, அதனால்தான் அழைப்பு இல்லை என்றும் ஒரு சமாதானம் உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சான் ஹோசே ஸ்டேட்டோடு இரண்டு முறை ஆடியிருக்கிறார்கள், ராணுவ முகாம் அணிகளோடும் ஆடியிருக்கிறார்கள். ஆனால் ஆட்டத்தரம்தான் குறை என்றால் இரண்டு பேரை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அது எப்படிச் சரியாகும்?

இந்தக் கதையை 'வெள்ளைக்கார நண்பர்களின் தியாகம்' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மேட்சன் இல்லாமல் அது எந்த அணி? அவர் காலில் ஏறித்தானே ஒன்பதும் ஜெயித்தார்கள்! தியாகம் என்றால் யாரோ அந்நியருக்காகச் செய்வது. இவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தது தங்கள் அணியையே. அதற்காக அணியையே இழக்கவும் நேர்ந்தது. ஃபுட்பாலில் நஷ்டம் ஏறிக்கொண்டே போனது, பௌல் பணம் வந்திருந்தால் தாக்குப்பிடித்திருக்கலாம். வரவில்லை. அந்தப் பருவத்தோடு கல்லூரி அணியைக் கலைத்துவிட்டது. உன் செயின்ட் கிளேர் மிச்சப் படிப்புக்கு டல்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

ஆட்களை மட்டும் யாரும் விடவில்லை. அந்த ஓர் அணியிலிருந்து ஒன்பது பேரை என்எஃப்எல், அதாவது தொழில்முறை ஃபுட்பால் லீக், அணிகள் எடுத்தன. மேட்சன் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலம், தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பிறகு 1959இல் அவர் ஒருவரை வாங்க ராம்ஸ் அணி ஒன்பது பேரை ஈடாகக் கொடுத்தது. கொடுத்தது யார் தெரியுமா? அங்கே மேலாளராக இருந்த நம்ம ரோசெல்தான். அடுத்த வருஷமே 33 வயதில் அவர் என்எஃப்எல்லுக்கே ஆணையர்.

எனக்கு மனசில் நிற்பது டோலர்தான். 1952இல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போயிற்று, தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. வாத்தியாரானார், தலைமையாசிரியரானார். அவர் பெயரில் உன் ஊரிலேயே ஒரு பள்ளி வளாகம் இருக்கிறது. 1965இல் என்எஃப்எல் நடுவர் குழுவில் சேர்ந்தார், அங்கே முதல் கறுப்பர் அவர்தான்.

டான்ஸ் கடைசியாக ஆடியது லயோலாவோடு, பாசடீனாவில் உள்ள ரோஸ் பௌல் மைதானத்தில், 20-2. அதே மைதானத்தில் 1980 ஜனவரியில் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் நடந்தது. ஒரு லட்சத்து மூவாயிரம் பேருக்கு மேல் கூட்டம். கோடுபோட்ட சட்டையில் புல்வெளியில் நின்ற நடுவர்களில் ஒருவர் டோலர். ஆணையர் ரோசெல்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போனால் அந்த மைதானத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. முழங்காலைப் பார்த்து ஓடு.

அன்புடன்,
மாமா